ஏரிக்கரையில் தெரிவது மூடுபனியா, புகைமூட்டமா?

இயற்கைக் காட்சிப் படங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டபோது, மலை, கடல், வயல், நீர்வீழ்ச்சி எல்லாவற்றையும் விட்டுவிட்டு நான் தேர்ந்தெடுத்தது ஏரிக்கரையை. அதிலும் ஆளரவமற்ற, விடிந்தும் விடியாத நேரத்து ஏரிக்கரை. காலை நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கு இந்தப் படம் மிகவும் பழக்கமானது. நேயர்கள் அனுப்பி வைக்கும் படங்களில், பிறந்தநாள் கேக்குக்கு அடுத்தபடியாக அதிகம் வருவது இதுதான். சாம்பல் நிறத் தண்ணீர், சாய்ந்த மரம் ஒன்று, பின்னணியில் மங்கலாக ஒரு மலை. கீழே 'இனிய காலை வணக்கம்'.

இதைக் கேலி செய்ய நான் வரவில்லை. நன்றாக எடுக்கப்பட்ட ஏரிக்கரைப் படத்தைப் பார்த்தால் நம்மையறியாமல் குரல் தாழ்ந்துவிடுகிறது. 'படத்துல நல்ல மூட் இருக்கு' என்கிறோம். அந்த 'மூட்' எங்கிருந்து வருகிறது என்பதுதான் இன்றைய பேச்சு. அதே ஏரியை, அதே மரத்தைப் பகல் 12 மணிக்குப் படம் பிடித்துப் பாருங்கள். ஏரி இருக்கும், மரம் இருக்கும், மூட் மட்டும் இருக்காது. கேமராவுக்கும் மரத்துக்கும் இடையே உள்ள காற்றில்தான் அது இருந்தது. ஆகவே ஏரிக்கரைப் படம் என்று நாம் சொல்வதில் பாதி, காற்றின் படம். அந்தக் காற்றில் என்ன மிதக்கிறது என்ற கேள்வி நம் நாட்டில் சாதாரணமான கேள்வி அல்ல. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் தைப்பிங் போவோம். பேராக் மாநிலத்தில் உள்ள தைப்பிங் ஏரிப் பூங்காவைப் பார்க்காதவர்கள்கூட நாட்காட்டியில் அதைப் பார்த்திருப்பார்கள். சாலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துத் தண்ணீரைத் தொடுமளவுக்குக் கிளை நீட்டிக் குனிந்து நிற்கும் பெரிய மழைமரங்கள் அங்கேதான் இருக்கின்றன. தமிழில் இதற்குத் தூங்குமூஞ்சி மரம் என்று பெயர். சாயங்காலமானாலும், மழை இருட்டிக்கொண்டு வந்தாலும் இலைகளை மடக்கிக்கொள்ளும் என்பதால் வந்த பெயர். மலாய்க்காரர்கள் 'பூக்கூல் லீமா' என்கிறார்கள், அதாவது 5 மணி மரம். படம் எடுப்பவர் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. இலை மடங்கியிருக்கும் நேரத்தில் கிளைகளின் கோடுகள் தெளிவாகத் தெரியும். விடிந்து இலை விரிந்த பிறகு அதே மரம் ஒரு பச்சைக் குடையாகிவிடும்.

இவ்வளவு அமைதியான இடம் இயற்கையாக அமைந்ததன்று. அது ஈயம் தோண்டிய பள்ளம். லாருட் பகுதியின் ஈயத்துக்காக 1861ஆம் ஆண்டிலிருந்து சீன இரகசியக் கும்பல்கள் வெட்டிக்கொண்டு மடிந்த சண்டைகள் 1874ஆம் ஆண்டு பங்கோர் ஒப்பந்தத்தின்போதுதான் ஓய்ந்தன. அதன் பிறகு வைக்கப்பட்ட பெயர்தான் தைப்பிங், அதாவது பேரமைதி. கைவிடப்பட்ட ஈயக்குட்டைகளில் நீர் தேங்க, 1880களில் அதையே பூங்காவாக்கி மரங்களை நட்டார்கள். இன்று நாம் படம் பிடிக்கும் மரங்களுக்கு 100 வயதுக்கு மேல் ஆகிறது.

தைப்பிங்கில் அடிக்கடி மூடுபனி கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நகரின் கிழக்கே பிந்தாங் மலைத்தொடர் சுவர் போல நிற்கிறது. முன்பு மேக்ஸ்வெல் மலை என்று அழைக்கப்பட்ட புக்கிட் லாருட் அதில்தான், 1,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. மலாக்கா நீரிணையிலிருந்து வரும் ஈரக்காற்று இந்தச் சுவரில் முட்டி மேலேறிக் குளிர்ந்து மழையாகிறது. தீபகற்ப மலேசியாவிலேயே அதிக மழை பெறும் நகரம் தைப்பிங். ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் என்பார்கள். பிற்பகலில் மழை பெய்து, இரவில் வானம் தெளிந்துவிட்டால் மலைச்சரிவுகள் வேகமாகச் சூட்டை இழக்கின்றன. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் இறங்கித் தாழ்வான ஏரிப்பகுதியில் வந்து தங்குகிறது. ஏரி நீரிலோ பகல் வெயிலின் சூடு இன்னும் மிச்சமிருக்கிறது. நீரின்மேல் உள்ள வெதுவெதுப்பான ஈரக்காற்றும் மலையிலிருந்து இறங்கிய குளிர்காற்றும் கலக்கும்போது நீராவி பொடிப்பொடித் துளிகளாகிறது. சூடான தே தாரிக்கின்மேல் எழும் ஆவி போலத்தான். முதல் நாள் மழை, இரவில் தெளிந்த வானம், காற்றோட்டமின்மை ஆகிய மூன்றும் சேர்ந்து வர வேண்டும். காற்று கொஞ்சம் வீசினாலும் பனி கலைந்துவிடும், நீரில் பிம்பமும் உடைந்துவிடும்.

அடுத்தது நேரம். நம் கடிகாரம் 1982 ஜனவரி 1ஆம் தேதி அரை மணி நேரம் முன்தள்ளி வைக்கப்பட்டதால், தீபகற்பத்தின் மேற்குக் கரையில் சூரியன் 7 மணிக்கும் 7.30 மணிக்கும் இடையில்தான் உதிக்கிறது. ஐரோப்பியப் படக்கலை நூல்களைப் படித்துவிட்டு, விடியலின் நீலவெளிச்சம் நிதானமாக நீடிக்கும் என்று எண்ணி வருபவர்கள் இங்கே ஏமாந்துபோகிறார்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் ஏறக்குறைய நேர்செங்குத்தாக மேலேறுவதால், படம் எடுக்கத்தக்க அந்த அரைவெளிச்சம் 20 நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இருக்கும். 6.30 மணிக்கே முக்காலியை நிறுத்தித் தயாராக இருக்க வேண்டும். தைப்பிங்கில் ஒரு சலுகை உண்டு. மலை கிழக்கே இருப்பதால் நேர்வெயில் ஏரிக்கு வரத் தாமதமாகும். அந்தக் கூடுதல் நேரத்தில் பனி வெளுத்து, மரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

பனியில் ஒரு காட்சி அழகாகத் தெரிவதற்குக் காரணம் அது பலவற்றை மறைப்பதுதான். அருகிலுள்ள மரம் கறுப்பு, அதற்குப் பின்னால் உள்ளது கருஞ்சாம்பல், அடுத்தது வெளிர்சாம்பல், மலை வெறும் நிழல். இப்படி அடுக்கடுக்காகப் பிரிந்துவிடுவதால் தட்டையான படத்தில் தூரம் தெரிகிறது. 11ஆம் நூற்றாண்டுச் சீன ஓவியர் குவோ சி இதை அன்றே அறிந்திருந்தார். மலையின் உயரத்தைக் காட்ட அதன் நடுப்பகுதியை மேகத்தால் மறைக்கச் சொன்னவர் அவர். குப்பைத்தொட்டி, விளக்குக்கம்பம், மிதிபடகு வரிசை எல்லாவற்றையும் பனி நமக்காக மறைத்துக் கொடுக்கிறது. ஓர் ஆள்கூடப் படத்தில் வரக்கூடாது என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தூரத்தில் தூண்டில் போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால், ஏரி எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் தெரிகிறது.

கேமரா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேமராவின் ஒளிமானி தான் காணும் எதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். அதனால் வெண்பனி அழுக்குச் சாம்பலாகிவிடும். எக்ஸ்போஷரை 1 படி கூட்டுங்கள். கைப்பேசியில் என்றால் திரையைத் தொட்டு, வரும் சூரியன் குறியை மேலே தள்ளுங்கள். வைட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால் விடியலின் நீலத்தை அது 'குறை' என்று எண்ணித் திருத்திவிடும். பகல்வெளிச்ச அளவில் வைத்துவிடுங்கள். பனிக்குள் ஃபோகஸ் தடுமாறும், அப்போது மரத்தண்டின் விளிம்பைக் குறி வையுங்கள். தங்குவிடுதியின் குளிர்சாதன அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே கொண்டுவந்தால் லென்ஸில் நீர் படிந்து, படம் முழுவதும் பனியாகத்தான் தெரியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறங்கள்.

தைப்பிங் தூரம் என்பவர்களுக்கு, கம்பாரிலும் பூச்சோங்கிலும் சுங்கை பீசியிலும் ஈயக்குட்டைகள் இருக்கின்றன. ஆனால் வேலியில்லாத பழைய குட்டைகளில் கவனம் தேவை. கரை வெறும் மணல், காலடியில் சரியும், ஓரத்திலேயே திடீரென்று ஆழம் போய்விடும். முக்காலி வைக்க இன்னும் ஓர் அடி என்று இறங்கிவிடாதீர்கள்.

இப்போது அந்தக் காற்றுக் கேள்விக்கு வருகிறேன். பேச்சின் நடுவே, கிள்ளானிலிருந்து வந்திருந்த ஒரு மாணவி எழுந்து, "அக்கா, நீங்க காட்டின தைப்பிங் படம் மாதிரியேதான் எங்க வீட்டுப் பக்கத்து ஏரியும் இருந்துச்சு. ஆனா அன்னிக்கு எங்க ஸ்கூல மூடிட்டாங்க" என்றார். 2019 செப்டம்பரில் தாம் எடுத்த படத்தைக் கைப்பேசியில் காட்டினார். கறுப்பு மரம், சாம்பல் நீர், பின்னால் எதுவும் தெரியாத வெண்மை. அடுக்குகள்கூட அதேபோல் பிரிந்திருந்தன. போட்டிக்கு அனுப்பினால் பரிசு கிடைத்தாலும் வியப்பில்லை. அது புகை.

நாம் வாழும் வட்டாரத்துக்கு இது புதிதல்ல. 1997 செப்டம்பரில் சரவாக்கில் காற்று மாசுக் குறியீடு 800ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2005 ஆகஸ்ட்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும், 2013 ஜூனில் மூவாரிலும் லேடாங்கிலும் அதேபோல் அவசரநிலை. அதே 2013 ஜூனில் சிங்கப்பூரின் குறியீடு 401ஐத் தொட்டது. குறியீடு 100ஐத் தாண்டினாலே உடல்நலத்துக்குக் கேடு, 300க்கு மேல் அபாயகரம் என்பதை வைத்து இந்த எண்களைப் பாருங்கள். சுமத்ராவிலும் கலிமந்தானிலும் சதுப்புக்காட்டு நிலத்தைக் கொளுத்தும்போது, மண்ணுக்குள் மட்கிக் கிடக்கும் தழைகள் வாரக்கணக்கில் கனன்று இந்தப் புகையைக் கக்குகின்றன. அப்படிப்பட்ட நாட்களிலும் 'கேமரன் மலை மாதிரி இருக்கிறது' என்ற வாசகத்துடன் ஏரிக்கரைப் படங்கள் கைப்பேசிகளில் உலா வரத்தான் செய்தன. ஆஸ்துமா உள்ள குழந்தையை வைத்துக்கொண்டு சன்னலைச் சாத்திய தாய்க்கு அந்தப் படம் எப்படி இருந்திருக்கும்?

இரண்டும் ஒன்றுபோலத் தெரிவது ஏன்? இரண்டிலும் காற்றில் மிதக்கும் பொடிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. கேமராவுக்குத் தெரிவது அந்தச் சிதறல்தான். வேறுபாடு பொடியின் அளவில் இருக்கிறது. மூடுபனித் துளி ஒன்று பெரும்பாலும் 10, 20 மைக்ரோன் இருக்கும். புகைத்துகள்களில் பெரும்பாலானவை 1 மைக்ரோனுக்கும் குறைவு. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரோன் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய நீர்த்துளி எல்லா நிறங்களையும் ஏறக்குறையச் சமமாகச் சிதறடிப்பதால் பனி வெள்ளையாகத் தெரிகிறது. நுண்ணிய புகைத்துகள் நீலத்தை அதிகம் சிதறடித்து, சிவப்பையும் மஞ்சளையும் கடந்துபோக விடுகிறது. புகைமூட்ட நாளில் சூரியன் சிவப்புப் பொட்டாகத் தெரிவது இதனால்தான். அந்த அளவு சிறிதாக இருப்பதால்தான் அது மூச்சில் நுரையீரலின் அடிவரை போகிறது. அழகான செஞ்சூரியனுக்கும் இருமலுக்கும் ஒரே காரணம்.

ஏரிக்கரையில் நிற்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது? மூடுபனி நீரோடு ஒட்டிக்கிடக்கும். அதற்கு மேலே ஒரு விளிம்பு தெரியும், அண்ணாந்து பார்த்தால் வானம் தெரியும். புகைக்கு விளிம்பு கிடையாது, தரையிலிருந்து உச்சிவரை ஒரே கலங்கல். பனி நாளில் புல் நனைந்திருக்கும், சிலந்திவலையில் முத்து கோத்திருக்கும். புகை நாளில் புல் உலர்ந்திருக்கக்கூடும், தொண்டை கரகரக்கும், பட்டாசு வெடித்த மறுநாள் வாடை வரும். எல்லாவற்றையும்விட நல்ல சாட்சி கடிகாரம். நம் வெயிலுக்குத் தாழ்நில மூடுபனி காலை 9 மணியைத் தாண்டி நிற்பது அரிது. அந்த மாணவியின் கைப்பேசியில் படத்தின் விவரத்தைத் திறந்து பார்த்தோம். எடுத்த நேரம் 11.40.

சில காலைகளில் இரண்டும் கலந்தே வரும். புகைத்துகள்களைப் பிடித்துக்கொண்டுதான் நீராவி துளியாகத் திரளும் என்பதால், புகை இருக்கும் இடத்தில் மூடுபனி இன்னும் தடிமனாகும். இலண்டன் மாநகரின் புகழ்பெற்ற மூட்டம் இந்த வகைதான். பிரெஞ்சு ஓவியர் மோனே 1899 முதல் 1901 வரை மூன்று முறை அங்கே போய்த் தங்கி, தேம்ஸ் நதியையும் பாலங்களையும் அந்த மூட்டத்துக்காகவே வரைந்தார். 1900 மார்ச்சில் மனைவிக்கு எழுதிய கடிதம் ஒன்றில், காலையில் மூட்டமே இல்லாததைக் கண்டு மனம் உடைந்ததையும், பிறகு வீடுகளில் அடுப்புகள் மூட்டப்பட்டுப் புகையும் மூட்டமும் திரும்பி வந்ததையும் குறிப்பிடுகிறார். அவர் வரைந்ததில் பாதி நிலக்கரிப் புகை என்பது அவருக்கே தெரிந்திருக்கிறது. 2023இல் வெளியான ஓர் ஆய்வு, மோனே, டர்னர் இருவரின் ஓவியங்களில் கோடுகள் மங்கிக்கொண்டே போவதும் அக்காலக் காற்று மாசு கூடிக்கொண்டே போனதும் ஒத்துப்போவதாகக் காட்டியது. அதே நகரில் 1952 டிசம்பரில் 5 நாள் மூட்டத்தில் இறந்தவர்கள் 4,000 பேர் என்று அப்போது கணக்கிட்டார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன.

ஆகவே புகைமூட்டத்தைப் படம் பிடிக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மோனே வரைந்திராவிட்டால் அந்த ஆய்வுக்கு ஓவியம் ஏது? எடுங்கள், ஆனால் அதைப் பனி என்று சொல்லாதீர்கள்.

இதில் இன்னொரு சிக்கல், மென்பொருள். 2015இல் லைட்ரூம் மென்பொருளில் 'டீஹேஸ்' என்று ஒரு பொத்தான் வந்தது. புகையை நீக்கு என்று பொருள். வலப்பக்கம் தள்ளினால் மூட்டம் விலகும். இடப்பக்கம் தள்ளினால் இல்லாத மூட்டம் வந்து சேரும். தெளிந்த நாளின் ஏரியைத் தைப்பிங் விடியலாக்கலாம், புகைமூட்ட நாளின் ஏரியைச் சுற்றுலாக் கையேட்டுக்கு ஏற்றபடி துலக்கியும் விடலாம். 2020இல் ஃபோட்டோஷாப்பில் வானத்தையே மாற்றும் வசதியும் வந்துவிட்டது. இப்போது செயற்கை நுண்ணறிவிடம் 'பனி சூழ்ந்த ஏரி' என்று கேட்டால், உலகில் எங்குமே இல்லாத ஓர் ஏரியைக் கொடுத்துவிடுகிறது.

வானத்தை ஒட்டுவது புதிதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 1850களிலேயே பிரான்சின் கிஸ்தாவ் லெ கிரே கடலை ஒரு தகட்டிலும் மேகத்தை இன்னொரு தகட்டிலும் எடுத்து ஒன்றாக அச்சிட்டார். அன்றைய தகடுகளுக்கு நீலத்தின் மேல் அளவுக்கு மீறிய நாட்டம். கடல் பதியும் நேரத்துக்குள் வானம் வெளுத்துப்போய்விடும். அவருக்கு வேறு வழியில்லை. நம் கைப்பேசிக்கு அந்த நியாயம் கிடையாது. வெளிச்சத்தைக் கூட்டுவது, நிறத்தைச் சரிசெய்வது வரையில் எனக்கு ஆட்சேபமில்லை. இல்லாத காற்றைச் சேர்ப்பதும் இருந்த காற்றை அழிப்பதும் வேறு. அதைச் செய்கிறவர் செய்தேன் என்று எழுதிவிட்டால் போதும், யாரும் குறை சொல்லப்போவதில்லை.

அந்த மாணவி கடைசியாகக் கேட்டது, "அப்போ நான் என்ன எழுதணும்?" என்று. இடம், தேதி, மணி. இந்த மூன்று போதும். ஜூன் முதல் அக்டோபர் வரையிலான வறட்சி மாதங்களில், சுற்றுச்சூழல் துறை மணிக்கு மணி வெளியிடும் காற்று மாசுக் குறியீட்டையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள். குறியீடு 100ஐத் தாண்டிய நாளில் ஏரிக்கரையில் போய் ஒரு மணி நேரம் நிற்கவும் வேண்டாம். வீட்டுச் சன்னலிலிருந்து எந்த மலையோ மாடிக்கட்டடமோ தெரிகிறதோ அதைத் தேர்ந்துகொள்ளுங்கள். தினமும் காலை 8 மணிக்கு ஒரு படம், மாலை 5 மணிக்கு ஒரு படம், ஒரே இடத்தில் நின்று, ஒரே அளவில். கிள்ளான் மாணவி அதைத் தம் அடுக்குமாடியின் 9ஆவது மாடியிலிருந்து தொடங்கப்போவதாகச் சொன்னார். அங்கிருந்து ஏரியும் தெரியுமாம்.